மேலே ஏறும் கட்டையும் மைனஸ் பதினாறு டிகிரித் தண்ணீரும்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். நீங்கள் டிப்ளமோ முடித்து லேத் பட்டறை வைத்திருக்கிறீர்கள். பிளஸ் ஒன் படிக்கும் மகளுக்கு ராத்திரியில் நீங்களே இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறீர்கள். இந்த வாரம் இரண்டு கணக்கு உதைக்கிறது. முதல் கணக்கு: 30 டிகிரி சாய்தளத்தில் 5 கிலோ கட்டை ஒன்று அசையாமல் வைக்கப்பட்டிருக்கிறது, ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.7, உராய்வு விசையும் முடுக்கமும் எவ்வளவு? நீங்கள் போட்டதில் கட்டை சாய்தளத்தில் மேல்நோக்கி ஏறுகிறது. இரண்டாவது: 30 டிகிரி வெப்பநிலையில் உள்ள 300 கிராம் தண்ணீரில், மைனஸ் 10 டிகிரியில் உள்ள 200 கிராம் பனிக்கட்டியைப் போட்டால் கடைசி வெப்பநிலை என்ன? உங்களுக்கு வந்தது மைனஸ் 16. "ஃபார்முலா சரி, கூட்டல் கழித்தல் சரி, கால்குலேட்டரிலும் பார்த்துவிட்டேன், பிறகு எங்கே தப்பு?" என்று கேட்கிறீர்கள். கடைசியில் மகள் கேட்ட ஒரு கேள்வியையும் சேர்த்திருக்கிறீர்கள்: சறுக்காமல் நிற்கும் கட்டையிலும் உராய்வு இருக்கிறதே, அப்போது அது சூடாகுமா?

நீங்கள் இரண்டு கணக்கு என்று எழுதியிருந்தாலும் எனக்கு ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. ஒரு ஃபார்முலாவை எப்போது போடலாம், எப்போது போடக்கூடாது என்று எப்படித் தெரிந்துகொள்வது? பதினெட்டு வருஷம் மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பிள்ளைகள் ஃபார்முலா மறந்து மார்க் இழப்பதைவிட இதில் இழப்பதுதான் அதிகம். உங்கள் இரண்டு விடையிலும் தப்பு ஒரே இடத்தில் இருக்கிறது. பேனாவை எடுப்பதற்கு முன்பே கடைசியில் என்ன நடக்கும் என்று முடிவுகட்டிவிட்டீர்கள். கட்டை விஷயத்தில் உராய்வு தன் முழு பலத்தையும் காட்டும் என்று. பனிக்கட்டி விஷயத்தில் அது முழுக்க உருகிவிடும் என்று. இரண்டையுமே கேள்வித்தாள் சொல்லவில்லை.

கட்டையை முதலில் எடுத்துக்கொள்வோம். எடை 5 பெருக்கல் 9.8, அதாவது 49 நியூட்டன். அதில் சாய்தளம் வழியாகக் கீழே இழுக்கும் பகுதி, நம் ஊர் வகுப்பறைப் பாஷையில் எம்ஜி சைன் தீட்டா, 24.5 நியூட்டன். தளம் கட்டையைத் தாங்கும் செங்குத்து விசை எம்ஜி காஸ் தீட்டா, 42.4 நியூட்டன். அதை 0.7 ஆல் பெருக்கினால் 29.7. இதுவரை நீங்கள் போட்டது அத்தனையும் சரி. அடுத்த வரியில்தான் 24.5 இலிருந்து 29.7 ஐக் கழித்து, வந்த மைனஸ் 5.2 ஐ 5 ஆல் வகுத்து, வினாடிக்கு வினாடி ஒரு மீட்டருக்குச் சற்றே அதிகமான முடுக்கத்தோடு கட்டையை மேலே அனுப்பிவிட்டீர்கள்.

நான் வகுப்பில் இந்தப் பாடத்தைத் தொடங்கும்போது கரும்பலகை துடைக்கும் டஸ்டரை மேசைமேல் வைத்துவிட்டு, "இதன்மேல் செயல்படும் உராய்வு விசை எவ்வளவு?" என்று கேட்பேன். முன்வரிசை "மியூ எம்ஜி சார்!" என்று கத்தும். "சரி, எந்தப் பக்கமாக?" என்பேன். சத்தம் அடங்கிவிடும். சமதளத்தில் சும்மா கிடக்கும் டஸ்டரை யாரும் தள்ளவில்லை, அதனால் எதிர்க்கவும் ஒன்றுமில்லை. உராய்வு பூஜ்யம். மியூ, அதாவது உராய்வுக் குணகம், பெருக்கல் செங்குத்து விசை என்று நாம் போடுவது உராய்வின் அதிகபட்சம் மட்டுமே, உராய்வே அல்ல. கிரெடிட் கார்டில் ஒரு லட்சம் லிமிட் கொடுத்திருக்கிறார்கள் என்பதற்காக நீங்கள் ஒரு லட்சம் கடன்காரர் ஆகிவிடுவதில்லை. எவ்வளவு எடுத்தீர்களோ அவ்வளவுதான் கடன். ஓய்வுநிலை உராய்வும் அப்படித்தான், கேட்ட அளவுக்குத்தான் கொடுக்கும்.

உங்கள் கட்டையையே மெல்ல மெல்லச் சாய்த்துப் பாருங்கள். தளம் 10 டிகிரி சாய்ந்தால் கீழே இழுக்கும் விசை 8.5 நியூட்டன், உராய்வும் 8.5. சாய்வு 20 டிகிரி ஆனால் இரண்டும் 16.8. கேள்வியில் உள்ள 30 டிகிரிக்கு இரண்டும் 24.5, அதுதான் உங்கள் விடை, முடுக்கம் பூஜ்யம். அந்தச் சாய்வில் அதிகபட்சம் 29.7 என்பதால் உராய்வின் கையில் இன்னும் 5.2 மிச்சம் இருக்கிறது. சாய்வு 35 டிகிரியைத் தொடும்போது மிச்சம் தீர்ந்துபோகும், ஏனென்றால் டேன் 35 டிகிரி 0.7. அதற்கு மேல் சாய்த்தால் சறுக்கும். அதைத்தான் சறுக்குக் கோணம் என்கிறார்கள். கட்டை 5 கிலோவா 50 கிலோவா என்பது இந்தக் கோணத்தை மாற்றாது. நம்பாவிட்டால் கெட்டி அட்டை நோட்டு ஒன்றின் மேல் காலித் தீப்பெட்டியையும் குச்சி நிரம்பிய தீப்பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தூக்கிப் பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகக் கிளம்பும். கிட்டத்தட்ட என்று ஏன் சொல்கிறேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு, மகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். உங்களுக்கு வந்ததைப் போன்ற மைனஸ் முடுக்கம் எல்லா இடத்திலும் அபத்தம் ஆகாது. அதே கட்டையை மேலிருந்து ஒரு தள்ளு தள்ளிவிட்டு, இயக்க உராய்வுக் குணகம், அதாவது நகரும்போது உள்ள குணகம், 0.6 என்று கொடுத்தால், ஓடிக்கொண்டிருக்கும் கட்டையின்மேல் உராய்வு முழுசாக 25.5 நியூட்டன். ஓடும் கட்டைக்குக் கேட்ட அளவு என்ற பேச்சே இல்லை. நிகர விசை ஏறக்குறைய ஒரு நியூட்டன், மேல்நோக்கி. அப்படியென்றால் கட்டை மேலே போகிறது என்று அர்த்தமா? கீழே போய்க்கொண்டேதான் இருக்கிறது, வேகம் குறைகிறது, அவ்வளவுதான். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் தள்ளிவிட்டிருந்தால் சுமார் 2.6 மீட்டர் போய் நின்றுவிடும். நின்ற அந்த நொடியில் உராய்வு 25.5 இலிருந்து 24.5 க்கு இறங்கிக்கொள்ளும். ஆகவே, கேள்வியில் "அசையாமல் வைக்கப்பட்டுள்ளது" என்ற இரண்டு சொல்லை வேகமாகத் தாண்டிப் போனால் ஒரு கணக்கு வேறொரு கணக்காகிவிடும்.

பனிக்கட்டிக்கு வருவோம். இதை நான் ஃபார்முலாவாக எழுதவே விடமாட்டேன், வரவு செலவாகத்தான் எழுதச் சொல்வேன். தண்ணீர் 30 டிகிரியிலிருந்து பூஜ்யம் வரை குளிர்ந்தால் எவ்வளவு வெப்பம் கொடுக்கும்? 300 கிராம், கிராமுக்கு டிகிரிக்கு 4.2 ஜூல், 30 டிகிரி. மொத்தம் 37,800 ஜூல். கையில் இருப்பு இதுதான். முதல் செலவு, பனிக்கட்டியை மைனஸ் 10 இலிருந்து பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது: 200 கிராம், பனிக்கட்டிக்குக் கிராமுக்கு டிகிரிக்கு 2.1 ஜூல், 10 டிகிரி, ஆக 4,200 ஜூல். மிச்சம் 33,600. அடுத்த செலவு உருக்குவது. கிராமுக்கு 336 ஜூல் உள்ளுறை வெப்பம் என்றால் 200 கிராமுக்கு 67,200 ஜூல் வேண்டும். கையில் இருப்பதோ அதில் சரிபாதி. பாதிப் பனிக்கட்டிதான் உருகும். கடைசியில் பாத்திரத்தில் 400 கிராம் தண்ணீர், 100 கிராம் பனிக்கட்டி, வெப்பநிலை பூஜ்யம் டிகிரி. விடை அவ்வளவுதான், சமன்பாடு எதுவும் தீர்க்க வேண்டியதே இல்லை.

நீங்கள் என்ன செய்தீர்கள்? பனிக்கட்டி முழுவதும் உருகி, உருகிய தண்ணீரும் சூடேறி, எல்லாம் ஒரே வெப்பநிலைக்கு வந்ததாக வைத்து "இழந்த வெப்பம் சமம் பெற்ற வெப்பம்" என்று எழுதினீர்கள். கையில் இல்லாத 33,600 ஜூலைச் செலவு செய்தாகிவிட்டது. கணிதம் பாவம், அந்தப் பற்றாக்குறையை எப்படியாவது நேர்செய்ய, இல்லாத ஒரு மைனஸ் 16 டிகிரித் தண்ணீரை உருவாக்கிக் கொடுத்தது. போட்டதிலேயே மிகக் குளிர்ந்த பொருள் மைனஸ் 10. இரண்டையும் கலந்தால் அதைவிடக் குளிர்ந்த ஒன்று வர வழியே இல்லை. பேனா எடுப்பதற்கு முன் "விடை எந்த எண்ணுக்கும் எந்த எண்ணுக்கும் நடுவில் இருக்கவேண்டும்?" என்று மகளைக் கேட்டிருந்தால் அவளே பிடித்திருப்பாள்.

ஆனால் மைனஸ் வந்தாலே தப்பு என்று அவள் மனப்பாடம் செய்துகொள்ளக்கூடாது. எண்களை மாற்றிப் பாருங்கள். மைனஸ் 20 டிகிரியில் 2 கிலோ பனிக்கட்டி, அதில் 30 டிகிரித் தண்ணீர் 100 கிராம் மட்டும். தண்ணீர் பூஜ்யத்துக்கு வர 12,600 ஜூல் கொடுக்கும், முழுக்க உறைந்துபோக இன்னொரு 33,600, ஆக 46,200. பனிக்கட்டி பூஜ்யத்துக்கு ஏறுவதற்கே 84,000 கேட்கிறது. இப்போது தண்ணீர்தான் தோற்றுப்போகிறது, எல்லாம் பனிக்கட்டி, கடைசி வெப்பநிலை மைனஸ் 8.6 டிகிரி. இந்த மைனஸ் சரியான மைனஸ். உங்கள் கணக்கிலேயே தண்ணீரை 300 க்குப் பதில் 600 கிராம் ஆக்கினால் எல்லாம் உருகி 1.25 டிகிரி வரும். மகளிடம் விடையைச் சொல்லாமல் இரண்டையும் கொடுத்துப் பாருங்கள். மூன்று கணக்குக்கும் ஃபார்முலா ஒன்றேதான், கதை மூன்று.

இதில் எது உறுதி, எது அவ்வளவு உறுதியில்லை? ஆற்றல் கணக்கு உறுதி: வந்தது எல்லாம் போனதற்குச் சமமாக இருந்தே ஆகவேண்டும். நிற்கும் கட்டையின்மேல் நிகர விசை பூஜ்யம் என்பதும் அதே அளவுக்கு உறுதி. பனிக்கட்டியின் உள்ளுறை வெப்பம் நன்றாக அளந்து வைத்த எண், கிராமுக்கு 334 ஜூல் பக்கம். பழைய 80 கலோரியை 4.2 ஆல் பெருக்கினால் 336 வரும், இங்கே கணக்கு அழகாக வருவதற்காக அதைப் போட்டேன். 334 போட்டால் உருகுவது 100.6 கிராம். மகளின் பாடப்புத்தகத்தில் எது இருக்கிறதோ அதைப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி வாய்திறக்காத விஷயம் பாத்திரம். 100 கிராம் தாமிரக் கலோரிமீட்டரில் இந்தச் சோதனையைச் செய்தால் அதுவும் 30 டிகிரியிலிருந்து குளிரும். தாமிரத்துக்குக் கிராமுக்கு டிகிரிக்கு 0.385 ஜூல் என்றால் ஏறக்குறைய 1,155 ஜூல். இன்னும் மூன்றரைக் கிராம் பனிக்கட்டி உருகும். அறைக் காற்றிலிருந்து உள்ளே வரும் வெப்பம் தனி. ஆய்வகத்தில் இதைவிடப் பெரிய வில்லன் ஒன்று உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், மாணவர்கள் எத்தனை முறை செய்தாலும் உள்ளுறை வெப்பம் 300 பக்கமே வந்து நின்றது. தெர்மாமீட்டரை மாற்றினோம், தராசை மாற்றினோம். கடைசியில் பார்த்தால் பனிக்கட்டியை உறிஞ்சுதாளில் ஒற்றாமல் ஈரத்தோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒட்டிக்கொண்டு வரும் தண்ணீர் ஏற்கெனவே உருகியாகிவிட்டது, நாமோ அதையும் பனிக்கட்டி என்று எடைபோட்டுக் கணக்கில் சேர்க்கிறோம். பத்தில் ஒரு பங்கு ஈரம் இருந்தால் விடையிலும் பத்தில் ஒரு பங்கு குறையும். கையேட்டில் ஒற்றி எடுக்கச் சொல்லித்தான் இருந்தது. நான்தான் அந்த வரியைச் சாதாரணமாக நினைத்துவிட்டேன்.

மியூ 0.7 என்பது இவை எல்லாவற்றையும்விடச் சந்தேகமான எண். உராய்வு விசை செங்குத்து விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும், தொடும் பரப்பைப் பொறுத்ததல்ல என்று 1699 இல் பிரெஞ்சு அறிஞர் அமோன்டன்ஸ் சொன்னார். 1780களில் இன்னொரு பிரெஞ்சு அறிஞர் கூலூம் விரிவாகச் சோதித்துப் பார்த்தார். ஆனால் இது நியூட்டனின் விதிகள் போன்ற விதி அல்ல, பெரும்பாலான சமயம் நன்றாக வேலை செய்யும் ஒரு தோராயம். தூசி, ஈரம், எண்ணெய், மேற்பரப்பின் வழவழப்பு, எவ்வளவு நேரம் ஒரே இடத்தில் கிடந்தது என்பது வரை எல்லாம் இதை மாற்றும். உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் என்ன ஆகும் என்று பட்டறையில் தினமும் பார்ப்பவர் நீங்கள். தீப்பெட்டி விஷயத்தில் கிட்டத்தட்ட என்று சொன்னதும் இதனால்தான். வீட்டுப்பாடத்தில் மட்டும் 0.7 என்றால் 0.7, கேள்வி கேட்காமல் போடுங்கள்.

சின்னச் சின்னத் தப்புகள் சிலவற்றை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். கிராமையும் கிலோகிராமையும் ஒரே வரியில் கலப்பது. வெப்பத்தில் ஆயிரம் மடங்கு தப்பு வந்தால் பெரும்பாலும் இதுதான். வெப்பநிலை வேறுபாட்டுக்குக் கெல்வினுக்கு மாற்றி நேரத்தை வீணாக்குவது. 30 டிகிரி வேறுபாடு என்றால் 30 கெல்வின் வேறுபாடுதான், 303 அல்ல. செங்குத்து விசை எப்போதும் எம்ஜி என்று நினைப்பது. கயிற்றால் சாய்வாக மேல்நோக்கி இழுத்தால் அது குறையும், சாய்வாகக் கீழ்நோக்கி அழுத்தினால் கூடும். பொருளைத் தனியாக வரைந்து அதன்மேல் உள்ள விசைகளை அம்புக்குறியால் காட்டும் தனித்த பொருள் விசைப்படத்தை ஒரு முறை வரைந்தால் இந்தத் தப்பு வராது, வரையாதவர்களுக்கு வந்துகொண்டே இருக்கும். 9.8 போடுவதா 10 போடுவதா என்று பிள்ளைகள் சண்டை போடுவார்கள். கேள்வி என்ன சொல்கிறதோ அதைப் போடலாம். ஒன்றும் சொல்லாவிட்டால் எதைப் போட்டீர்கள் என்று முதல் வரியில் எழுதிவிட வேண்டும்.

மகளின் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நிற்கும் கட்டையில் 24.5 நியூட்டன் உராய்வு இருக்கிறது, ஆனால் கட்டை நகரவில்லை. நகர்வு இல்லையென்றால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் வெப்பமும் இல்லை. வருஷக்கணக்கில் நின்றாலும் உராய்வால் சூடாகாது. இதில் சந்தேகமே இல்லை. சாய்வை 40 டிகிரி ஆக்கி, 0.6 இயக்க உராய்வோடு 2 மீட்டர் சறுக்கவிட்டால் கதை வேறு. செங்குத்து விசை 37.5, உராய்வு 22.5 நியூட்டன், இரண்டு மீட்டருக்கு 45 ஜூல் வெப்பம். புவியீர்ப்பு கொடுத்தது 63 ஜூல், மிச்சம் 18 வேகமாக மாறுகிறது. அந்த 45 இல் கட்டைக்கு எவ்வளவு, தளத்துக்கு எவ்வளவு என்று கேள்வியில் உள்ள எண்களை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டும் என்ன பொருள், எப்படி வெப்பத்தைக் கடத்தும் என்பதைப் பொறுத்தது. முழுவதும் 5 கிலோ இரும்புக் கட்டைக்கே போனதாக வைத்தாலும் அது 0.02 டிகிரிதான் சூடேறும். கை வைத்துப் பார்த்தால் தெரியாது.

பிறகு ட்ரில் பிட் மட்டும் ஏன் கையைச் சுடுகிறது என்று நீங்கள் கேட்கலாம். அங்கே உருவாகும் வெப்பம் அதிகம், போய்ச் சேரும் இடமோ நகக்கண் அளவு. இன்னொன்றும் உண்டு: கூரான கருவியில் வரும் வெப்பத்தின் பெரும்பகுதி உராய்வால் வருவதல்ல, உலோகம் சிதைந்து சுருள் சுருளாகச் சீவல் வருகிறதே, அந்தச் சிதைவில் பிறப்பது. 1798 இல் ரம்ஃபோர்டு என்ற விஞ்ஞானி வெளியிட்ட கட்டுரை உங்கள் தொழிலைப் பற்றியதுதான். மியூனிக்கில் பீரங்கி துளைக்கும் பட்டறையில், வேண்டுமென்றே மழுங்கிய துளைக்கருவியை வைத்து, சுற்றிலும் தண்ணீர்த் தொட்டி கட்டி, குதிரையைப் பூட்டிச் சுற்றவிட்டார். இரண்டரை மணி நேரத்தில் நெருப்பே இல்லாமல் தண்ணீர் கொதித்தது. வெப்பம் என்பது பொருளுக்குள் அடைந்து கிடக்கும் ஒரு திரவம் என்று அப்போது பலரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். திரவமாக இருந்தால் ஒரு கட்டத்தில் தீர்ந்துபோக வேண்டுமே, சுற்றச் சுற்ற வந்துகொண்டே இருக்கிறதே என்பதுதான் அவர் கேள்வி. எவ்வளவு வேலைக்கு எவ்வளவு வெப்பம் என்று துல்லியமாக அளந்தது பிறகு வந்த ஆங்கிலேய இயற்பியலாளர் ஜூல். எடைகளை இறங்கவிட்டு, தண்ணீருக்குள் துடுப்பைச் சுற்றவைத்து அவர் 1850 இல் வெளியிட்ட அளவு, இன்றைய அலகில் ஒரு கலோரிக்கு ஏறக்குறைய 4.15 ஜூல்.

எடை இறங்கி இறங்கியும் தண்ணீர் துளியளவே சூடேறும், அதை அளக்க ஜூல் ஏன் அவ்வளவு பாடுபட்டார் என்பது உங்கள் வீட்டுப்பாடத்திலேயே இருக்கிறது. 300 கிராம் தண்ணீர், இரண்டு டம்ளர்கூட இராது, 30 டிகிரி குளிர்ந்தபோது கொடுத்தது 37,800 ஜூல். அதே ஆற்றலை அந்த 5 கிலோ கட்டையைச் செங்குத்தாகத் தூக்கச் செலவிட்டால் எவ்வளவு உயரம் போகும் என்று மகளிடம் கேளுங்கள். முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள், என் மாணவர்களில் பலர் "மாடி உயரம்" என்பார்கள். பிறகு 37,800 ஐ 49 ஆல் வகுக்கச் சொல்லுங்கள். 771 மீட்டர்.